நிறுத்துன தண்ணிய எங்க வைக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்,

பாகிஸ்தானோட நாம தண்ணி பங்கிட்டுக்கிட்ட சிந்து நதி ஒப்பந்தம் பத்தி உங்க கட்டுரைல, இனிமே அங்க "ஒரு சொட்டு போகாது"ன்னு தலைப்பு போட்டிருந்தீங்க. நான் மேட்டூர்க்காரன், டேமப் பாத்தே வளந்தவன், அதான் மனசு கேக்காம எழுதறேன்.

2025 ஏப்ரல் 22ல காஷ்மீர்ல பஹல்காம்ல 26 பேரக் கொன்னாங்க, மறுநாளே 1960 ஒப்பந்தத்த நிறுத்தி வைக்கிறோம்னு அரசு சொல்லிடுச்சு. கோவம் எனக்கும்தான். ஆனா பாகிஸ்தானுக்குப் போற சிந்து, ஜீலம், செனாப் மூணுலயும் வருஷத்துக்கு ஓடறது சுமாரா 135 மில்லியன் ஏக்கர் அடிங்க, நம்ம கணக்குல 5,800 டிஎம்சிக்கு மேல, மேட்டூர் ஃபுல்லா நின்னாலே 93.47 தான், அப்ப அறுபது மேட்டூர் கட்டினாலும் பத்தாது. இந்த மூணு ஆத்துலயும் ஒப்பந்தப்படி நாம தேக்கிக்கலாம்னு இருந்ததே 3.6 மில்லியன் ஏக்கர் அடி, ஒன்றரை மேட்டூர விட கொஞ்சம் ஜாஸ்தி, அதையே நாம முழுசா கட்டல. செனாப்ல இருக்கற சலால், பக்லிஹார் எல்லாம் வர்ற தண்ணில கரண்ட் எடுத்துட்டு கீழ விடற டேம். ஷட்டர மூடினா கொஞ்ச நாள் செனாப் வத்தின மாதிரி டிவில காட்டலாம், அப்புறம் ரொம்பிடும், தொறந்துதான் ஆகணும்.

இதுல இன்னொரு கூத்து, ராவி ஆறு முழுக்க நமக்குன்னு 1960லயே எழுதிக் கொடுத்தாச்சு, அந்த தண்ணியே ஷாபூர்கண்டி டேம் வருஷக்கணக்கா இழுத்ததுல சும்மா பாகிஸ்தானுக்கு ஓடிட்டிருந்துச்சு, அப்ப எந்த சேனலும் கத்தல!

நெஜமா மாறினது ஆத்துல எவ்ளோ தண்ணி வருதுங்கற டேட்டா விஷயம்தான். 65, 71, கார்கில்னு சண்டை நடந்தப்பகூட ஒப்பந்தம் முறியாம இருந்துச்சு, இப்ப அந்த டேட்டாவப் பரிமாறிக்க வேண்டிய ரெண்டு நாட்டு சிந்து கமிஷனர்களும் பேசிக்கறதில்ல. 2025 ஆகஸ்ட்ல ஜம்மு பக்கம் தாவி ஆத்துல வெள்ளம் வந்தப்ப தூதரகம் வழியா பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை போச்சு, மனிதாபிமானத்துலன்னு சொன்னாங்க, நல்லதுதான். எப்ப தொறப்பாங்க எவ்ளோ வரும்னு தெரியாம விதைய கையில வச்சிட்டு நிக்கறது என்னன்னு எங்க டெல்டாக்காரங்களக் கேட்டா சொல்லுவாங்க.

பிரம்மபுத்ராவுல நாமதான் கீழ இருக்கோம். மேல திபெத்துல சீனா மெடோக் பக்கம் 2025 ஜூலைல பெரிய டேம் வேலைய ஆரம்பிச்சாச்சு, அங்கருந்து வெள்ள டேட்டா நமக்கு ஒழுங்கா வருதான்னு விசாரிச்சு எழுதுங்க சார். அப்புறம் உங்க மேப்ல செனாபும் பியாஸும் இடம் மாறியிருக்கு, திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேட்டூர்