கண்ணாடியில் ஒட்டும் வேர்நுனி

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் ஏழு மாதங்களைக் கடத்திவிட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம், மீனாட்சியின் முழங்கால் வலியும் தேவலை. இப்போது நான் எழுத வந்தது முளைகட்டிய பச்சைப்பயற்றைப் பற்றி.

1968-இல் தாவர ஆய்வாளர் டனாடா செய்த சோதனையை நம் ஆசிரியர் ஒரே வரியில் கடந்துபோனது நினைவிருக்கிறதா? இருட்டில் முளைத்த பயற்றின் வேர்நுனிகளை வெட்டி, பாஸ்பேட்டால் கழுவி எதிர்மின்சுமை ஏற்றிய கண்ணாடிக் குவளையில் உரிய கரைசலோடு இட்டு, சிவப்பு ஒளியைக் காட்டினால் அரை நிமிட அளவிலேயே அவை கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றன. சிவப்பின் ஓரத்தில், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் 730 நானோமீட்டர் தொலைச்சிவப்பு ஒளியைக் காட்டினால் பிடியை விட்டுவிடுகின்றன. செடியில் சிவப்பொளியை உணரும் பைட்டோக்குரோம் நிறமி நிலைமாறியதும் வேரின் மேற்பரப்பு மின்சுமையும் மாறுகிறது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அதே ஆண்டில் ஜாஃபே என்ற இன்னொரு ஆய்வாளர் பயற்று நாற்றுகளில் அந்த மின்னழுத்த மாற்றத்தை அளந்தும் காட்டினார்.

சும்மா இருக்கமாட்டாமல் நானும் செய்து பார்த்தேன். அலமாரிக்குள் முளைக்கவைத்து, பூஜையறைச் சிவப்பு விளக்கைக் கழற்றி வந்து குவளைமேல் பிடித்தேன். வேர்நுனிகள் அடியில் சோம்பேறிகளாய்ப் புரண்டனவே தவிர, ஒன்றுகூட ஒட்டவில்லை. மிச்சப் பயறு அன்று மாலையே சுண்டலாகிவிட்டது. நீ சிரிப்பாய், தவளை விவகாரத்தை மறந்தவன் சிரிக்கலாம்.

ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மரபணுவை இயக்கிப் புதிய புரதம் செய்ய அரை நிமிடம் போதாது; ஆகவே ஒளியின் முதல் வேலை செல்சவ்வின் வழியே மின்சுமையுள்ள அணுக்கள் போய்வரும் அயனிப் போக்குவரத்திலேயே நடந்திருக்கவேண்டும். நீல ஒளியில் இது இன்னும் தெளிவு: கிரிப்டோக்குரோம் என்ற புரதம் ஒளியை உணர்ந்ததும் சவ்விலுள்ள எதிரயனி வாயில்கள் திறந்து, சவ்வின் மின்னழுத்தம் சரிந்து, அதன்பின் தண்டின் நீட்சி குறைகிறது. சிவப்பொளி பட்ட பைட்டோக்குரோமோ மரபணுக்கள் இருக்கும் உட்கருவுக்குள் போய்விடுகிறது என்கிறார்கள். உட்கருவுக்குப் போகிற நிறமி, சவ்வை இவ்வளவு விரைவாக எப்படித் தொட்டது? நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்திய நான் இதை ஒருநாளும் கேட்டதில்லை என்பது உறுத்துகிறது.

என் தோல்விக்குக் காரணம் கரைசல்தான்: வெறும் குழாய்நீர். டனாடாவுக்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, அஸ்கார்பிக் அமிலம், செடியின் வளர்ச்சி ஊக்கியான இண்டோல் அசெட்டிக் அமிலம், மாங்கனீசு எல்லாம் தேவைப்பட்டன. உன் பேரனின் ஆய்வகத்தில் சிட்டிகை சிட்டிகையாகக் கிடைத்தால் வாங்கி வா. அலமாரியில் அடுத்த பிடி பயறு நனைந்துகொண்டிருக்கிறது; மீனாட்சியிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
வேலாயுதம்