மேசைக் கதையாட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பொதுக்குழு கூடியது. ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் நம் ஆட்டத்தில் புதியவர்களுக்கு அறிமுக ஆட்டம் நடந்தது. தொலைந்த பகடைகளுக்குப் பதில் புதியவை வாங்கப்பட்டன.

இவ்வாண்டின் முக்கியப் பணி, ஆபத்தான இடத்தில் நுழையுமுன் ஆட்டக்காரர்கள் நிரப்புவதற்காக அடியேன் கொண்டுவந்த முன்னேற்பாட்டுத் தாள். 1974-இல் வெளிவந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற நிலவறைச் சாகசக் கதையாட்டத்தின் பொருட்பட்டியலிலேயே பத்தடிக் கோல் உண்டு. கால் வைக்குமுன் தரையைத் தட்டிப் பார்க்கத்தான் அது. அதையும் சுமந்துகொண்டு, கதவில் காது வைத்துக்கூடக் கேட்காமல் உதைத்துத் திறப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கோபுர ஆட்டத்தில் நம் ரோக் (பதுங்கிச் செல்லும் கள்ளன்) வேவு பார்க்கக் கிளம்புமுன்பே போர்வீரர் உள்ளே ஓடினார். பின்னால் நின்ற விசார்ட் (மந்திரவாதி) பதறிப்போய் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தைப் போட்டார். அதன் வீச்சு 20 அடி ஆரம். அறையோ சின்னது. எதிரி யார், நம்மவர் யார் என்று அது பார்ப்பதில்லை.

தாள் கேட்பது இவ்வளவுதான்: முதலில் நுழைவது யார், எந்த மந்திரத்தை மிச்சம் வைப்பது, காரியம் கெட்டால் எந்த வழியாக வெளியேறுவது. இதை நிரப்பவே ஓர் அமர்வு முழுதும் போனதாகப் புகார் வந்தது. நேரத்தைத் தின்றது தாளல்ல, தாளைப் பற்றிய தர்க்கம் என்பதைப் பதிவு செய்கிறேன்.

பிளேட்ஸ் இன் த டார்க் என்ற திருட்டுக் கும்பல் கதையாட்டத்தில் திட்டமே தேவையில்லை என்கிறது எதிர்த்தரப்பு. அங்கும் திட்டம் எந்த வகை, கொண்டுபோகும் சுமை எவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் பகடை உருட்ட வேண்டும். “காவலாளியை நேற்றே சரிக்கட்டிவிட்டேன்” என்று நடுவில் ஃபிளாஷ்பேக் வைக்கலாம். ஏற்பாடு சிக்கலானால் ஸ்ட்ரெஸ், அதாவது பாத்திரத்தின் மன அழுத்தக் கணக்கு, ஏறும். ஆக, அங்கே முன்னேற்பாட்டுக்கான விலையைப் பிறகு கட்டுகிறார்கள்.

அப்படியாவது கட்டுகிறார்கள். நம் சங்கத்தில் சந்தா நிலுவை கணிசம். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். ஆட்ட நடத்துநர் மெனக்கெட்டு நிலவறை வரைந்து வைத்திருக்க, தொடங்கும் நேரத்தில் “இன்று முடியாது” என்று செய்தி அனுப்புவதும் தொடர்கிறது. கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி) வராத அன்று அடிபட்டவர்களுக்கு என் தாளால் மருந்து போட முடியாது.

இடம் தந்தவர்கள், ஆட்டம் நடத்தியவர்கள், நாற்காலி அடுக்கியவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தாளைச் சுருக்கி, பக்கத்தில் கால் மணி நேர மணற்கடிகாரம் ஒன்று வைக்க உத்தேசம். சந்தா வந்தால் வாங்கலாம். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்த அறிக்கை எழுதும் வரை எவரும் மனு தரவில்லை.