போக்கர் முடிவுகளில் முதல் பரிசுத் தொகை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய போக்கர் சீட்டாட்டத் தொடர்களின் முடிவுகளுக்கும் விளையாட்டுப் பக்கத்தில் இடம் ஒதுக்குவது நல்ல காரியம். ஆனால் 'இன்னார் இத்தனை யூரோ வென்றார்' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. தொகை சரியாகவே அச்சாகியிருந்தாலும், அதிலிருந்து வாசகர் புரிந்துகொள்வது பல நேரம் தவறாகப் போகிறது.

முதலில் நுழைவுத் தொகை. ஆடுகிறவர்கள் இதை பை-இன் என்பார்கள். ஐரோப்பிய போக்கர் டூர் என்ற தொடரின் முக்கியப் போட்டிக்கு 5,300 யூரோ என்றால், அது முழுவதும் பரிசுக்குப் போவதில்லை. 2022 பார்சிலோனாவை எடுத்துக்கொள்வோம். நுழைவுகள் 2,294, மொத்தப் பரிசு 1,11,25,900 யூரோ. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 4,850 வரும். மீதி 450 போட்டியை நடத்துகிறவர்களின் கட்டணம். 5,300ஐ 2,294ஆல் பெருக்கிப் பரிசுத் தொகை என்று போட்டால் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் கூடுதலாகக் காட்டியதாகிவிடும்.

அடுத்து, 2,294 நுழைவு என்பது 2,294 ஆட்கள் அல்ல. தோற்றவர் மறுபடி பணம் கட்டி உட்கார ரீ-என்ட்ரி இருக்கிறது. ஒருவர் இரண்டு முறை பணம் கட்டி, கடைசியில் பரிசுப் பட்டியலின் அடிவாரத்தில் 8,500 யூரோ வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியது 10,600, வந்தது 8,500. பயணச் செலவைச் சேர்க்காமலே 2,100 யூரோ நஷ்டம். பட்டியலில் மட்டும் அவர் பெயருக்கு நேரே '8,500 வென்றார்' என்றிருக்கும். முந்தைய முடிவுகளோடு ஒப்பிடும்போதும் இது இடறும். 2007இல் லண்டனில் நடந்த முதல் வேர்ல்டு சீரிஸ் ஐரோப்பா (லாஸ் வேகஸில் நடக்கும் வேர்ல்டு சீரிஸ் போக்கர் தொடரின் ஐரோப்பியப் பதிப்பு) முக்கியப் போட்டியில் 362 என்றால் 362 மனிதர்கள். ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான்.

மேசையில் பந்தயம் கட்டும் வில்லைகளான சிப்களின் கணக்கைப் பணமாக எழுதுவது இன்னும் மோசமான பிழை. 'ஒரு கோடியே நாற்பது லட்சம் யூரோவுடன் முன்னிலை' என்று தலைப்பு வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிப்புக்கு யூரோ மதிப்பு கிடையாது. பார்சிலோனாவில் ஒவ்வொரு நுழைவுக்கும் 30,000 சிப் தருவார்கள். 2,294ஆல் பெருக்கினால் 6,88,20,000. போட்டி முடியும்வரை மேசைகளில் இருக்கும் மொத்தச் சிப் இவ்வளவுதான். சில்லறைச் சிப்களை மாற்றி எடுக்கும்போது சிறிய வித்தியாசம் வரலாம், அவ்வளவே. செய்தி ஆசிரியருக்கு இது கைகொடுக்கும் சோதனை: எட்டுப் பேர் மிஞ்சியிருந்தால் எட்டுப் பேரின் சிப்பையும் கூட்டிப் பாருங்கள். 6.88 கோடிக்கு அருகே வராவிட்டால் எங்கோ ஒரு பூஜ்யம் விழுந்திருக்கிறது. எட்டுப் பேருக்குச் சராசரி சுமார் 86 லட்சம் என்பதும் அதிலேயே கிடைத்துவிடும்.

அதையும் விடப் பயனுள்ளது பிக் பிளைண்ட் கணக்கு. ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயம்தான் பிளைண்ட்; இரண்டில் பெரியது பிக் பிளைண்ட். பிளைண்ட் 2,50,000/5,00,000 என்று ஓடும்போது 1.4 கோடி சிப் வைத்திருப்பவரிடம் 28 பிக் பிளைண்ட் இருக்கிறது. மற்றவர்களைவிட முன்னிலைதான், ஆனால் பெரிய பந்தயமாக ஒன்று தோற்றால் போதும், அடிமட்டத்துக்கு வந்துவிடுவார். முதல் நாள் ஆட்டத்தை 1ஏ, 1பி என்று பிரித்து நடத்தும்போது 1ஏவில் முதலிடம் பிடித்தவரைப் பெரிதாகக் கொண்டாடுவதும் வீண். பாதிப் பேர் இன்னும் உட்காரவே இல்லை.

இனி டீல். இதைச் சொல்லாமல் வரும் முடிவு அரைகுறை முடிவுதான். கடைசி இரண்டு மூன்று பேர் ஆட்டத்தை நிறுத்தி, மீதிப் பரிசைப் பேசிப் பிரித்துக்கொள்வது விதிகளுக்கு உட்பட்டதே. எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

மூன்று பேர் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசுகள் 10 லட்சம், 6 லட்சம், 4 லட்சம் யூரோ. முதலாமவரிடம் 50 சதவீதச் சிப், இரண்டாமவரிடம் 30, மூன்றாமவரிடம் 20. எளிய வழியில் மூவருக்கும் தலா 4 லட்சத்தை உறுதியாகக் கொடுத்துவிட்டு, மீதி 8 லட்சத்தைச் சிப் விகிதப்படி பங்கிடுவார்கள். 8,00,000, 6,40,000, 5,60,000 என்று வரும். இந்த வழியில் ஒரு கோளாறு உண்டு. முதலாமவரிடம் 85 சதவீதச் சிப் இருந்தால் அவர் பங்கு 10,80,000 ஆகிவிடும். ஆடி ஜெயித்தாலே 10 லட்சம்தான்! அதனால்தான் ஐசிஎம் (இண்டிபெண்டன்ட் சிப் மாடல்) கணக்கு; ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தையும் பிடிக்கும் வாய்ப்பை வைத்துப் பங்கைப் போடுவது. ஒருவர் முதலிடம் பிடிக்கும் வாய்ப்பு அவருடைய சிப் விகிதம். இரண்டாமிடத்துக்கு, வேறொருவர் ஜெயித்ததாக வைத்து அவர் சிப்பை நீக்கிவிட்டு மிச்சத்தில் இவர் பங்கைப் பார்க்க வேண்டும். 50 சதவீதக்காரருக்கு: 0.3 × 50/70, அதோடு 0.2 × 50/80, மொத்தம் சுமார் 33.9 சதவீதம். மூன்றாமிடம் 16.1. இவற்றைப் பரிசுகளால் பெருக்கிக் கூட்டினால் 7,67,857 யூரோ. அதே வழியில் மற்ற இருவருக்கும் 6,55,000, 5,77,143. முந்தைய முறையோடு ஒப்பிட்டால் பெரிய சிப் வைத்திருப்பவருக்கு 32,000 குறைகிறது, சின்னவர்களுக்குக் கூடுகிறது. எந்த முறை என்று மேசையில் இழுபறி நடப்பது இதற்காகத்தான்.

பிரித்த பிறகும் கோப்பைக்காக ஆட்டம் தொடரும். பல நேரம் ஜெயிப்பவருக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கியும் வைப்பார்கள். ஒதுக்காவிட்டால் 5,77,143 யூரோவோடு மூன்றாமவர் கோப்பையைத் தூக்கலாம், 7,67,857 யூரோவோடு முதலாமவர் இரண்டாமிடம் பெறலாம். இரண்டாமிடத்துக்கு அதிகப் பணம் என்று அச்சில் பார்த்தால் வாசகர் அச்சுப் பிழை என்றே நினைப்பார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும், கீழே 'உடன்பாட்டுப்படி' என்ற ஒரு சொல்லும் போட்டால் தீர்ந்தது.

வென்ற தொகையும் அவரவர் பையில் அப்படியே விழுவதில்லை. பலர் நுழைவுத் தொகைக்குப் பணம் திரட்ட, வரப்போகும் பரிசில் பாதியைக்கூட முன்கூட்டியே மற்றவர்களுக்கு விற்றுவிட்டு உட்காருகிறார்கள். ஸ்பெயினில் வரி உண்டு, பிரிட்டனில் இல்லை.

நாணயத்தையும் கவனியுங்கள். லண்டன் போட்டிகள் பவுண்டில், கோபன்ஹேகன் டேனிஷ் குரோனில், வார்சா ஸ்லோட்டியில், சோச்சி ரூபிளில் நடந்திருக்கின்றன. பழைய வெற்றியாளர் பட்டியலில் எல்லாவற்றுக்கும் யூரோக் குறி போட்டால் டென்மார்க்கிலும் ரஷ்யாவிலும் ஜெயித்தவர்கள் திடீர்ப் பணக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

பட்டங்களிலும் குழப்பம் இருக்கிறது. வேர்ல்டு சீரிஸ் ஐரோப்பாவில் வென்றால் பிரேஸ்லெட் என்ற கைக்காப்பு. ஐரோப்பிய போக்கர் டூரில் வென்றால் கோப்பை. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் தொடர்கள். ஐரோப்பிய பிரேஸ்லெட் வாங்கியவரை 'உலக சாம்பியன்' என்று எழுதக் கூடாது; அந்தப் பெயர் லாஸ் வேகஸ் முக்கியப் போட்டிக்கு உரியது. 1989இல் அங்கேயும் 2012இல் கேன்ஸிலும் முக்கியப் போட்டியை வென்ற அமெரிக்கர் ஃபில் ஹெல்மூத்தான் லாஸ் வேகஸ், ஐரோப்பா ஆகிய இரண்டு முக்கியப் போட்டிகளையும் வென்ற முதல் ஆள். ஐரோப்பிய போக்கர் டூரில் இரண்டு முக்கியப் பட்டங்களை முதலில் எட்டியவர் பிரிட்டனின் விக்டோரியா கோரன் மிட்செல் (லண்டன் 2006, சான் ரெமோ 2014). அவருக்குப் பிறகு பெலாரஸின் மிகலாய் போபால் (பார்சிலோனா 2012, பிராக் 2019).

இத்தனையையும் நான்கைந்து வரியில் அடக்கலாம். மாதிரிக்கு ஒன்று:

லண்டன், 2007, வேர்ல்டு சீரிஸ் ஐரோப்பா முக்கியப் போட்டி. நுழைவு 10,000 பவுண்டு. ஆட்கள் 362, ரீ-என்ட்ரி இல்லை. மொத்தப் பரிசு 36,20,000 பவுண்டு. முதலிடம்: அனெட் ஓப்ரஸ்டாட் (நார்வே), 10,00,000 பவுண்டு.

அவருக்கு 19 வயது நிறைய ஒரு நாள் இருந்தபோது கிடைத்த வெற்றி இது. இடமிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்