மின்சாதனக் கடை முதலாளிமாருக்கு: யுனிட்டையும் லீற்றரையும் எழுதி வையுங்கள்

மதிப்புக்குரிய மட்டக்களப்பு மாவட்டக் கடை முதலாளிமாருக்கு,

சித்திரை வருசக் கழிவுக்கு நீங்கள் விட்ட நோட்டீசுகள் களுவாஞ்சிக்குடியிலிருந்து வாழைச்சேனை வரை வீடு வீடாக வந்து சேர்ந்தன. வோஷிங் மெஷின் படத்துக்குப் பக்கத்தில் "இன்வேர்ட்டர், கரண்ட் மிச்சம்" என்று கொட்டை எழுத்து. ஒரு தரம் கழுவ எத்தனை யுனிட், எத்தனை லீற்றர் தண்ணீர் என்பதை மட்டும் காணோம்.

மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் மிச்சம் பிடிப்பது மோட்டரில் மட்டும்தான். முன்கதவு மெஷினில் கரண்டைக் குடிப்பது ட்ரம்முக்கு அடியில் கிடக்கும் 2000 வோற் அளவிலான ஹீட்டர். அதை இன்வேர்ட்டர் ஒன்றும் செய்யாது. 15 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க அரை யுனிட்டுக்கு மேல் போகும். பச்சைத் தண்ணீரில் என்றால் முழுக் கழுவலுமே பெரும்பாலும் கால் யுனிட்டுக்குள் முடியும். மத்தியானத்தில் மேல்தாங்கித் தண்ணீரே கையைச் சுடுகிற ஊர் இது!

ஆனால் 'கொட்டன்' என்று அமர்த்தினால் பல மொடல்களில் 40 அல்லது 60 பாகை தானாக விழும். 'டெம்ப்' பொத்தானை 'கோல்ட்' வரும்வரை அமர்த்தச் சொல்லித்தர, பூட்ட வரும் தம்பிமாருக்கு நேரமில்லை.

மாதம் 55 யுனிட்டில் நிற்கும் வீட்டை எடுங்கள். 20 தரம் 60 பாகையில் கழுவினால் சூட்டுக்கு மட்டும் 11 யுனிட் ஏறி, பில் 66 யுனிட்டில் வந்து நிற்கும். மாதம் 60 யுனிட்டைத் தாண்டியதும் கூடுவது அந்த ஆறு யுனிட்டின் காசு மட்டுமல்ல. முதல் யுனிட்டிலிருந்தே விலைக் கணக்கு மாறும், நிலையான கட்டணமும் ஏறும். கட்டுக்காசுக்கு மெஷின் எடுத்த குடும்பத்துக்கு இது இரண்டாவது கட்டுக்காசு. ஆகவேதான் கேட்கிறோம், யுனிட்டை எழுதி வையுங்கள்.

லீற்றரும் அப்படித்தான். மேல்மூடி ஓட்டோமெற்றிக் ஒரு கழுவலுக்கு 100 லீற்றருக்கு மேல் இழுக்கும். முன்கதவுக்கு அதில் பாதி போதும். கிணற்று மோட்டர் போட்டுத் தாங்கி நிரப்புகிறவருக்கு அதுவும் கரண்ட்தான். தாங்கி 3 மீற்றர் உயரத்தில் இருந்தால் அமுக்கம் 0.3 பார். 0.5 பார் கேட்கும் மெஷினை அங்கே பூட்டினால் தண்ணீர் ஏறாமல் 'எரர்' காட்டும். தண்ணீர் உள்ளே வரும் வால்வின் வலையில் மணலும் இரும்புக் கறையும் அடைத்தால் சொல்லவே வேண்டாம். முறையிட்டால், பிழை கிணற்றுத் தண்ணீரிலாம்.

மோட்டருக்குப் பத்து வருட உத்தரவாதம் தருகிறீர்கள், பெரிய மனசு. லேசில் பழுதாகாத சாமானுக்குப் பத்து வருடம். அடிக்கடி போகிற வால்வு, பம்ப், எலெக்ட்ரோனிக் போர்ட்டுக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் மனேச்சர் சாப்பிடப் போய்விடுவார்.

சரி, அதை விடுவோம். ஐரோப்பாவில் 2021 மார்ச் தொடக்கம் 100 கழுவலுக்கு எத்தனை யுனிட், ஒரு கழுவலுக்கு எத்தனை லீற்றர் என்று லேபலிலேயே போடுகிறார்கள். உங்களிடம் வரும் பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்திலும் பெரும்பாலும் அந்த அட்டவணை உண்டு. தீபாவளி நோட்டீசு அச்சுக்குப் போகுமுன் அதைப் பிரித்துப் பார்த்து, பச்சைத் தண்ணீரில் எத்தனை யுனிட், 60 பாகையில் எத்தனை யுனிட், தண்ணீர் எத்தனை லீற்றர், குறைந்தது எத்தனை பார் அமுக்கம் வேண்டும் என்று விலைக்குக் கீழே தமிழில் எழுதி வைக்கும்படி தயவாய்க் கேட்கிறோம்.

இப்படிக்கு,
பாவனையாளர்கள்