கேடயத்துல இருக்கறது வெறும் கோடு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் வந்த லண்டன் பயணக் கட்டுரையில, அங்கத்த பெரிய குடும்பங்களோட சின்னக் கேடயத்துல இருக்கற பட்டை, வட்டமெல்லாம் "வெறும் அழகுக்குப் போட்டது"ன்னு ஒரு வரி இருந்துச்சு. பத்தாததுக்கு ஸ்க்ரோப்ங்கற பழைய இங்கிலாந்துக் குடும்பத்துச் சின்னம்னு நீங்க போட்ட படத்துல தங்கப் பட்டை வலமிடமா திரும்பிக் கெடக்குது.

நான் திருப்பூர்ல 20 வருஷமா கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக்கு டிசைன் பஞ்சிங் பண்றேன், அதாவது படத்தை மெஷின் தைக்கற பைலா மாத்தற வேலை, வெளிநாட்டு ஸ்கூல் டீசர்ட் பேட்ஜ்தான் முக்கால்வாசி வேலை. கேடயத்துல வலது இடதுங்கறது பாக்கறவங்களுக்கு இல்லீங்க, அதப் புடிச்சிருக்கறவனுக்கு. அதனால பெண்ட்ங்கற சாய்வுப் பட்டை நம்ம பார்வைக்கு இடது மேல்மூலையில இருந்து வலது கீழ இறங்கணும், திருப்பிட்டா அது பெண்ட் சினிஸ்டர், வேற ஆளோட சின்னம் ஆயிரும். ஒரு ஆர்டர்ல நானே பைலை மிர்ரர் பண்ணி விட்டுட்டேன், 600 பீஸும் ரிஜெக்ட். ராத்திரியெல்லாம் உக்காந்து மஞ்ச நூலைப் பிரிச்சோம், நூல் போயும் ஊசி ஓட்டை அதே சாய்வுல வரிசையா நின்னுச்சுங்க, அந்தத் துணி இன்னும் என் டேபிள் டிராயர்ல இருக்குது.

நீங்க திருப்பிப் போட்ட அதே பட்டை யாருக்குச் சொந்தம்னுதான் 1385ல ஸ்க்ரோப்பும் க்ரோவ்னர்ங்கற இன்னொரு குடும்பத்துக்காரரும் வழக்குக்குப் போய் 1390 வரைக்கும் இழுத்துச்சு, கவிஞர் சாசரே வந்து சாட்சி சொன்னாரு. தோத்த க்ரோவ்னர் பட்டையை விட்டுட்டு கோதுமைக் கட்டுக்கு மாறினாரு. அழகுக்குப் போட்டதுக்கா அஞ்சு வருஷம் அலைவாங்க? அவ்வளவு பழசு வேண்டாம்னா 2011ல இளவரசர் வில்லியமைக் கட்டின கேட் மிடில்டன் குடும்பத்துக்குக் குடுத்த சின்னத்தப் பாருங்க, நடுவுல கூரை மாதிரி நிக்கற தங்க செவ்ரான், அவங்கம்மா பொறந்த வீட்டுப் பேரு கோல்ட்ஸ்மித், அதாவது தங்க வேலை செய்யறவர்ங்கறதுக்காக, மூணு ஓக் கொட்டை மூணு பிள்ளைங்களுக்காக. வட்டத்துக்குக்கூட கலருக்கு ஒரு பேருங்க, தங்கம்னா பெசண்ட், சிவப்புன்னா டார்டோ, இங்கிலாந்துல கார்ன்வால்ங்கற பகுதியோட கேடயத்துல 15 பெசண்ட் இருக்குது.

பொங்கல் மலர்ல ஸ்காட்லாந்து கொடியில இருக்கற செயின்ட் ஆண்ட்ரூ சிலுவையை "பெருக்கல் குறி"ன்னு எழுதினீங்க, அப்பவே போஸ்ட்கார்டு போட்டேன், பதில் இல்ல. போன வருஷம் பனியன் தொழில் சிறப்பிதழ்ல டெய்லர், கட்டிங் மாஸ்டர், அயர்ன் பண்றவர்னு எல்லார் போட்டோவும் வந்துச்சு, எம்ப்ராய்டரி ஆளுங்களுக்கு அரை வரி இல்ல. எங்கப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுக்கு வர்ற பத்திரிகைங்க இது, அதனாலதான் மனசு ஆறமாட்டேங்குது.

உங்களுக்குத் தெரியாததில்ல. அடுத்த இதழ்ல அந்தப் படத்தை நேரா, அதே அளவுல ஒருதரம் போட்டிருங்க, அது போதும்.

இப்படிக்கு,
திருப்பூர் வாசகர்