தகரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் குழாய்: மூன்றாம் முறையாக மனு

சேலம்,
14.8.2020, வெள்ளிக்கிழமை

அனுப்புநர்:
பாவடி (நெசவுக்குப் பாவு நீட்டும் திடல்) ஓரத் தெருவில் தகரம் அடைத்த பகுதிக்குள் இருக்கும் 46 வீட்டார் சார்பில், மகளிர் குழுப் பொருளாளர்.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆணையாளர் அவர்கள், மண்டல அலுவலகம், சேலம்.

பொருள்: கொரோனா தடுப்புத் தகரத்தைப் பத்தடி கிழக்கே தள்ளி வைத்து, பொதுக்குழாயை எங்கள் பக்கம் விட்டுத்தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) 28.7.2020 அன்று காய்ச்சல் முகாமில் நேரில் கொடுத்த மனு. 2) 6.8.2020 அன்று தங்கள் அலுவலக மனுப் பெட்டியில் போட்ட மனு. இரண்டுக்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தங்களுக்குத் தெரியாத தெரு அல்ல. போன ஐப்பசி மழையில் சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, தாங்களே முழங்கால் தண்ணீரில் நின்று ஜேசிபியை வரவழைத்தீர்கள். வேலை முடிந்து தாங்கள் கால் கழுவியது பாவடி ஓரத்துப் பொதுக்குழாயில்தான். அந்தக் குழாயைப் பற்றித்தான் இந்த மனுவும்.

1. ஜூலை 22ஆம் தேதி எங்கள் தெருவில் மூன்று வீட்டில் ஐந்து பேருக்குத் தொற்று உறுதியானது. அன்று மாலையே தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். 14 நாள் என்று சொன்னார்கள். ஐந்து பேரும் குணமாகி வந்துவிட்டார்கள்; கடைசி ஆள் வீடு திரும்பியது ஆகஸ்ட் 3. அதற்குப் பிறகு புதிதாக ஒருவருக்கும் இல்லை. இன்று 24ஆவது நாள்.

தகரமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நோய் பரவக் கூடாது என்பதில் எங்களுக்கு இல்லாத அக்கறை வேறு யாருக்கு இருக்கும்? தினமும் வந்து பிளீச்சிங் பவுடர் போடும் தூய்மைப் பணியாளர் அம்மாக்களுக்கும், வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்த பிள்ளைகளுக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். கபசுரக் குடிநீரும் தவறாமல் வந்தது.

2. மார்ச் 25 ஊரடங்கு தொடங்கியதிலிருந்து எங்கள் தெரு யாரிடமும் கை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. அரசு கொடுத்த 1000 ரூபாயும் ரேஷன் அரிசியும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் எங்கள் குழுப் பெண்கள் வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்கி, கோயில் மண்டபத்தில் அடுப்பு மூட்டி, 40 நாள் சோறு போட்டோம். எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை. வேலை நின்றுபோன வடமாநிலத்துப் பையன்கள், ஆட்டோக்காரர்கள், பேருந்து நிலையத்துப் பக்கம் படுத்திருந்த பெரியவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் எண்ணெய் டின் கொடுத்தார். பள்ளிவாசல் பிள்ளைகள் பாத்திரம் கழுவ வந்தார்கள். அந்தப் பாத்திரம் எல்லாம் கழுவியதும் இதே குழாயில்தான் ஐயா.

3. இப்போது குழாய். கிழக்கு முனையில் தகரம் அடித்த இடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் பத்தடி. நாங்களே கயிறு போட்டு அளந்தோம், ஒன்பதே முக்கால் அடி. தகரம் அடித்தவர்கள் பத்தடி தள்ளி மூங்கில் நட்டிருந்தால் குழாய் எங்கள் பக்கம் இருந்திருக்கும். அந்தப் பத்தடியில் வீடும் இல்லை, கடையும் இல்லை, பாவு நீட்டும் வெறும் மண் தரைதான். ஏன் முன்னால் நட்டார்கள் என்று கேட்டால், ஒப்பந்ததாரர் அளந்த இடம் அது என்கிறார்கள்.

46 வீட்டில் ஒன்பது வீட்டுக்குத்தான் வீட்டுக் குழாய் இருக்கிறது. தெரு மேடு என்பதால் அதிலும் தண்ணீர் ஏறாது என்பது தங்களுக்கே தெரியும். நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை, இரவு 2 மணிக்கு, ஒன்றரை மணி நேரம். தகரம் வந்த பிறகு ஜூலை 23இல் தொடங்கி ஆகஸ்ட் 12 வரை ஆறு முறை தண்ணீர் வந்திருக்கிறது. முதல் முறை தவிர மற்ற ஐந்து முறையும் நாங்கள் பிடித்த விதத்தைச் சொல்கிறோம், கேளுங்கள். அடுத்த தெருப் பிள்ளைகள் நாலு பேர், அந்தச் சமையலில் கூட நின்றவர்கள், தூக்கம் கெட்டு வெளிப்பக்கம் வந்து குடம் பிடிப்பார்கள். தகரம் ஆறடி. அவர்கள் தலைக்கு மேல் தூக்கித் தர, உள்ளே ஸ்டூல் மேல் நிற்கும் பெண் வாங்கி, கீழே இருப்பவளிடம் இறக்க வேண்டும். வருகிற குடத்தில் கால் குடம் தகரத்தின் மேலேயே சிந்திவிடும். தகரத்தின் விளிம்பு மடக்காத விளிம்பு. ஒரு பெண்ணுக்கு உள்ளங்கை கிழிந்து மூன்று தையல். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, வீட்டில் வேறு ஆள் இல்லாததால், தானே வந்து வரிசையில் நிற்கிறாள்.

முதல் முறை இவ்வளவு கஷ்டம் இல்லை. தகரத்துக்கு அடியில் இருந்த சந்து வழியாக டியூப் விட்டுப் பிடித்தோம். விதிமீறல் என்று மறுநாள் அந்தச் சந்தையும் மண் போட்டு அடைத்துவிட்டார்கள். தண்ணீர் டியூபில் வந்தால் நோய் வரும், குடத்தில் வந்தால் வராது போல.

இப்படிப் பிடித்ததில் வீட்டுக்கு மூன்று குடம். ஒரு குடம் 15 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில், நாலு நாளைக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டேகால் லிட்டர். குடிக்க, உலை வைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, தொற்று வந்து திரும்பியவரின் துணியைத் தனியாகத் துவைக்க எல்லாம் அதில்தான். தெரு முனையில் மைக் கட்டிய ஆட்டோ தினம் இரண்டு வேளை வருகிறது. சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவச் சொல்கிறது. தங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டால் யாரும் எடுப்பதற்கு முன்னால் இருமல் சத்தம், அதிலும் கை கழுவச் சொல்கிறார்கள். எதை வைத்துக் கழுவ?

4. போர்வெல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உப்புத் தண்ணீர் போர் மோட்டார் காயில் கருகி 11 நாள் ஆகிறது. தகரத்துக்குள் வர மாட்டேன் என்கிறார் எலெக்ட்ரீஷியன். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. கக்கூஸுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை ஐயா. இதை இரண்டு மனுவிலும் வெட்கப்பட்டு எழுதாமல் விட்டோம். வயசுப் பெண்கள் இருக்கிற வீடுகள். இதற்கு மேல் எழுத வைக்காதீர்கள்.

5. லாரித் தண்ணீர் ஒருமுறை வந்தது, ஜூலை 29. மேற்கு முனையில் நின்று டியூப் நீட்டினார்கள், எட்டிய வரை ஏழெட்டு வீட்டுக்குக் கிடைத்தது. மறுபடி வரவில்லை.

6. தறி ஓடாதது, கூலி இல்லாதது, பாவு பாதியில் நிற்பது, இந்த ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்காதது, இதையெல்லாம் இந்த மனுவில் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் அதே நிலைமைதான். ஆனால் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்து, எட்டு வருஷத்துக்குப் பிறகு குறித்த தேதியில் டெல்டாவுக்குத் தண்ணீர் விட்டதை டிவியில் பார்த்தோம். சந்தோஷப்பட்டோம். தஞ்சாவூருக்குப் போகிற அதே மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாசல் வரைக்கும் வந்து, பத்தடியில் நிற்கிறது.

7. நாலு மூங்கில், ஆறு தகரம். எங்கள் வீட்டுப் பையன்களே அரை மணி நேரத்தில் நகர்த்திவிடுவார்கள். தொட்டால் வழக்கு என்று 1897ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். சரி, நாங்கள் தொடவில்லை. தாங்கள் ஆள் அனுப்பித் தொடச் சொல்லுங்கள். திங்கட்கிழமை மனு நாளும் நடப்பதில்லை. பெட்டியில் போடு என்கிறார்கள், போட்டோம். பெட்டியைத் திறந்தார்களா என்று யாரிடம் கேட்பது?

8. அவசரம் ஏன் என்றால்: அடுத்த முறை தண்ணீர் வருவது 16ஆம் தேதி, ஞாயிறு விடிந்தும் விடியாத 2 மணிக்கு. ஆகஸ்ட் மாதம் ஞாயிறு எல்லாம் தளர்வு இல்லாத முழு ஊரடங்கு. தண்ணீர் முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுவது இதுதான் முதல் தடவை. வெளியில் நின்று குடம் தூக்கித் தரும் அந்த நாலு பிள்ளைகளும் அன்று தெருவில் கால் வைத்தால் வண்டியும் போகும், வழக்கும் வரும். அவர்களை வரச் சொல்ல எங்களுக்கு மனசு இல்லை. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தத்தை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு இருப்போம். அதற்கடுத்து 20ஆம் தேதிதான்.

நாளை சுதந்திர தினம், விடுமுறை. ஆகவே இன்று மாலைக்குள் தகரத்தைப் பத்தடி கிழக்கே தள்ளி வைக்க உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் டியூப் விட மூன்று விரற்கடை சந்தாவது திறந்துவிடுங்கள். அதுவும் முடியாது என்றால், ஐயா, தாங்களே ஒருமுறை வந்து அந்தக் குழாயடியில் நின்று, ஏன் முடியாது என்று தகரத்துக்கு மேலே எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பத்தடி ஐயா. பத்தடிதான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாவடி ஓரத் தெரு 46 வீட்டார்
(கையெழுத்தும் கைநாட்டும் தனித்தாளில்)

குறிப்பு: கையெழுத்துத் தாளைக் கிருமிநாசினி தெளித்துத் தகரத்துக்கு மேலே கொடுத்ததில் ஏழெட்டுப் பெயர் மை கலைந்திருக்கிறது. வேண்டுமானால் மறுபடி போட்டுத் தருகிறோம். மனுவைக் கொண்டுவரும் பையனிடம் ரசீது வாங்காமல் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.