தகுதி என்ன என்று கேட்கிறீர்களா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு வாசகரின் மறுப்புக் கடிதத்தைப் போட்டு, ‘இவ்வளவு பெரிய அறிஞரைத் திருத்த இவருக்கு என்ன தகுதி?’ என்று கீழே கேட்டிருந்தீர்கள். அவர் காட்டிய கணக்கு சரியா, தப்பா என்று மட்டும் சொல்லவில்லை.

தகுதி என்றதும் பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தது தபால் பிரிவில். ஒருநாள் பக்கத்து மேசையில் கணக்கு 270 ரூபாய் இடித்தது. பேரேட்டைப் புரட்டிப் புரட்டி அலுத்துப்போயிருந்தார்கள். வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறது, எங்காவது இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும், அதை முதலில் பாருங்கள் என்றேன். ‘ஸ்டாம்பு ஒட்டுகிறவன் கணக்குச் சொல்ல வந்துட்டான்’ என்று சிரித்தார்கள். மறுநாள் தணிக்கைக்கு வந்தவர் அதையேதான் சொன்னார். ‘ஆமாம் சார், ஆமாம் சார்’ என்று தேடினார்கள். 5,472ஐ 5,742 என்று எழுதியிருந்தார்கள். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை, அது வேறு விஷயம்.

சரி, நான் சாதாரண ஆள். வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் கதை உங்களுக்குத் தெரியாததா? 1935இல் லண்டனில், வெள்ளைக் குள்ள விண்மீனின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனின், நிறைக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் அது மேலும் சுருங்கிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்நாளில் பெரும்புகழ் பெற்ற வானியலாளர் எடிங்டன் எழுந்து கேலி செய்தார். விண்மீன் அப்படி நடந்துகொள்ளாமல் தடுக்க ஏதோ ஓர் இயற்கை விதி இருக்க வேண்டும் என்றார். சொன்னவர் எடிங்டன் ஆயிற்றே, பலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983இல். அன்று அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன குறிப்பு எழுதியிருப்பீர்களோ!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்டி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனதை ‘2 சதவீத உயர்வு’ என்று முன்பு அச்சிட்டீர்கள். கூடியது 2 சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொன்னால் 50. எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. அப்புறம் ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் வேறொரு கட்டுரையில் இதே தவறைச் சுட்டிக்காட்டியதும், படத்தோடு கட்டம் கட்டிப் போட்டீர்கள். அவர் சொன்னதும் சரிதான். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தபால் தலையின் விலை மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வாசகரின் கணக்கை யாராவது ஒருவர் போட்டுப் பார்த்து, சரியா தப்பா என்று அடுத்த இதழில் ஒரு வரி எழுதுங்கள். இடம் மிஞ்சினால் வட்டி விஷயத்தையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்